தோட்டப் பாதைகள் வரைபடத்தில் இடம்பெறுவது எப்போது?

சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலையும் இறப்பரும் ஒரு காலத்தில் பெருமளவில் களனிவெளி ரயில் பாதை வழியாகவே கொழும்பை வந்தடைந்தன. எட்டியாந்தோட்டைக் கிளைப்பாதை 1942 இலும், அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி ஊடாக ஓப்பநாயக்க வரை சென்ற பாதை 1970களிலும் கைவிடப்பட்டன. அதன் பின்னர் தோட்டங்களுக்குச் செல்லும் உரத்தையும் அரிசியையும், அங்கிருந்து வரும் தேயிலையையும் லொறிகளே சுமக்கின்றன. ஆகையால், லொறி செல்லவேண்டிய வழியை எதைக் கொண்டு தீர்மானிப்பது என்பது இங்கு வாழும் மக்களுக்குச் சிறியதொரு விடயமன்று.

காகித வரைபடத்தின் காலம் முடிந்துவிட்டது என்பதே இன்றைய பொதுவான எண்ணம். 1800 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத் தாளை விரித்துப் பார்க்கும் சாரதிகள் இன்று அரிது. கையடக்கத் தொலைபேசியே போதுமெனக் கருதப்படுகின்றது. ஆனால் செய்மதி உணர்த்துவது நாம் நிற்கும் இடத்தை மாத்திரமே. வழியைக் கூறுவது தொலைபேசியிலுள்ள வரைபடமாகும். அதுவோ பெரும்பாலும் காரில் செல்வோரை மனதிற் கொண்டு ஆக்கப்பட்டது. தோட்டத்துப் பாலம் எத்தனை தொன் தாங்கும், கொண்டையூசி வளைவில் நீண்ட லொறி திரும்புமா என்பன அதற்குத் தெரியா. கிட்டிய வழியென அது காட்டுவது, பாரம் ஏற்றிய லொறிக்கு வழியே அல்லாமற் போகலாம்.

காகித வரைபடமும் குறையற்றதன்று. அச்சிட்ட பின்னர் சரிந்த மலையையும் உடைந்த பாலத்தையும் அது அறியாது. எனினும் மலையின் ஏற்ற இறக்கத்தையும் மாற்று வழிகளையும் ஒரே பார்வையில் காட்டும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், தொலைபேசிச் சமிக்ஞையும் வேண்டாம்.

இதன் பெறுமதி அனர்த்த வேளையிலேயே புலப்படும். 2016 மே 17 இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவுகள் உயிர்களைப் பலிகொண்டன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி, நாடெங்கும் அறுநூறுக்கும் அதிகமானோரைப் பலிகொண்டதுடன், வீதிகளையும் தொலைத்தொடர்பையும் ஒருசேரத் துண்டித்தது. அத்தகைய நாட்களில் நிவாரணம் ஏற்றிப் புறப்படும் லொறிக்குத் தொலைபேசி மாத்திரம் வழித்துணையாக முடியாது.

அடிப்படைக் குறைபாடு வேறிடத்தில் உள்ளது. தோட்டப் பாதைகள் நெடுங்காலமாக உள்ளூராட்சியின் கணக்கிற்கு வெளியே இருந்தன. லயன்களில் வாழும் பலருக்கு இன்றும் தனி முகவரியில்லை. மக்கள் தமிழில் அழைக்கும் தோட்டப் பெயர் ஒன்று, வரைபடத்திலுள்ள பெயர் வேறொன்று. பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளிலும் நிதியைச் செலவிட இடமளிக்கும் சட்டத்திருத்தம் 2018 இல் நிறைவேறியது. அந்த அதிகாரத்தைக் கொண்டு பாதையின் அகலம், பாலத்தின் தாங்குதிறன், அபாயமான வளைவுகள் ஆகியவற்றை அளந்து பதிவுசெய்யலாம். தோட்ட மக்களும் லொறிச் சாரதிகளும் அறிந்தவற்றைக் கேட்டறிவதே அதன் முதற்படி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்துள்ள மண்சரிவு அபாய வரைபடங்களையும் அவற்றுடன் இணைத்து, மும்மொழிப் பெயர்களோடு தொலைபேசியிலும் காகிதத்திலும் கிடைக்கச் செய்யவேண்டும். பிரதேச செயலகத்திலும் தோட்ட அலுவலகத்திலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒவ்வொரு பிரதி தொங்கட்டும்.

அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் ஒரு பிரதேச சபையாவது இப்பணியை ஆரம்பிக்குமா?