குழியை மூட ஆள் எங்கே?

ஐப்பசி மழையில் கிராமத்துச் சாலைக்கு நேரும் கதியை நாம் அறிவோம். தார் பெயர்ந்த இடத்தில் முதலில் கையகலக் குழி. அதில் தண்ணீர் தேங்கி அடிஜல்லி இளகுகிறது. கார்த்திகை பிறப்பதற்குள் அது வண்டிச் சக்கரம் இறங்கும் பள்ளமாகிவிடுகிறது. இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் மில் தொழிலாளி, தண்ணீருக்கடியில் பள்ளம் இருப்பதை விழுந்த பிறகே அறிகிறார். நடவுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேனும் அதே பள்ளத்தில்தான் இறங்குகிறது.

பணம் இல்லை என்கிறார்களே, உண்மையா? பெட்ரோல், டீசல் வாங்கும் ஒவ்வொருவரிடமும் சாலையின் பேரால் மத்திய சர்க்கார் செஸ் வசூலிக்கிறது. 2018 பட்ஜெட்டில் இது லிட்டருக்கு 8 ரூபாய். 2020 மே மாதம், ஊரடங்கில் ஜனங்கள் வேலையிழந்து கிடந்த வேளையில், 18 ரூபாயாக உயர்த்தினார்கள். 2021லும் 2022லும் குறைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் சூட்சுமம் பெயரில் இருக்கிறது. வரி என்றால் மாநிலங்களுக்குப் பங்கு தரவேண்டும். செஸ் என்றால் தரவேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 270-வது பிரிவு இதற்கு வழிவிடுகிறது.

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சாலை போடும் செலவில் நூற்றுக்கு 60 பங்கு மத்திய சர்க்காருடையது, 40 பங்கு மாநிலத்துடையது. பராமரிக்கும் பொறுப்போ மாநிலத்தின் தலையில்! புதுச் சாலையைத் திறக்க மந்திரி வருவார். குழியை அடைப்பதற்குத் திறப்பு விழா ஏது?

மாநில சர்க்கார் மட்டும் யோக்கியமாக நடந்துகொண்டதா? 2002ல் நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள் சுமார் 10,000 பேரை ஒட்டுமொத்தமாக வேலையிலிருந்து நீக்கியது. மழைக்கு முன்பே சாலையோர வாய்க்காலை வெட்டி, பாலத்து அடைப்பை எடுத்து, புதரை அறுத்து, குழி சிறிதாயிருக்கும்போதே ஜல்லியும் தாரும் போட்டு அடைப்பவர்கள் இவர்கள்தான். 41 மாதம் போராடிய பிறகு 2006ல் திரும்பவும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். அதற்குப் பின்னும் சர்க்காருக்குப் புத்தி வரவில்லை. பராமரிப்பையே மொத்தமாகக் காண்ட்ராக்டருக்கு விடும் முறை பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி வேறு கோட்டங்களுக்கும் பரவியது.

நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. செஸ் பணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்றே ஒதுக்கிப் பஞ்சாயத்துகளுக்குத் தரவேண்டும். சாலைகளைக் கவனிக்க அந்தந்த வட்டாரத்திலேயே நிரந்தர ஆட்களை நியமிக்க வேண்டும். எந்தச் சாலைக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கைப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் எழுதிப் போடவேண்டும். இவை புரட்டாசிக்குள் நடக்கவேண்டும். மழை காத்திருக்காது.