படகுக் காரும் பெரிய மனிதர்களும்

சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் என் வீட்டுக்கு ஓர் இளைஞர் வந்தார். இளைஞர் என்றால் ஐம்பது வயது இருக்கும்; எழுபதைத் தாண்டிய என் கண்ணுக்கு ஐம்பது இளமைதான். நாகப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அறுபது வேலி மிராசு பண்ணிய குடும்பத்துப் பேரப்பிள்ளை. இங்கிலாந்தில் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, இப்போது சென்னைக்குத் திரும்பிவிட்டார்.

"ஸார், தாத்தாவோட பிளைமவுத்தைக் கண்டுபிடிச்சிட்டேன்!" என்று சொல்லி ஒரு புகைப்படத்தை நீட்டினார்.

பார்த்தேன். கூரை பறந்துபோன ஒரு கொட்டகையில் மண்ணில் புதைந்தாற்போல நின்றிருந்தது கார். 2018-ஆம் வருஷத்துக் கஜா புயல் அந்தக் கூரையைக் கொண்டுபோயிருக்கிறது. கடல் காற்றின் உப்பு கதவுகளைத் தின்றிருந்தது. மூக்கில் மட்டும் சின்னஞ்சிறு பாய்மரக் கப்பல் ஒன்று, பாயின் நுனி உடைந்து, இன்னும் எங்கோ புறப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த உடைந்த நுனியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தாத்தா 1951-ல் வாங்கிய கார். அறுபதுகளின் தொடக்கத்தில் விற்றுவிட்டார். பிறகு அது நாகப்பட்டினத்தில் டாக்சியாக ஓடியது. இவர் பிறப்பதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே வீட்டை விட்டுப் போன காருக்காக இவர் கண் கலங்குகிறார். கலங்கட்டும், அது குற்றமில்லை. டாக்சிக்காரர்கள் பொருத்தியிருந்த டீசல் எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போட்டாயிற்றாம். 'அசல்' பெட்ரோல் எஞ்சின் ஒன்று இங்கிலாந்திலிருந்து கப்பலில் வருகிறதாம். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதிகளின்படி புது எண் பலகை வாங்கி, சென்னையில் பழைய கார் ஊர்வலத்தில் ஓட்டப்போகிறார். மலர் ஒன்று வெளியிடுகிறார்கள். அதற்குத் தாத்தாவையும் காரையும் பற்றி நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

"தாத்தா காலத்துல எப்படி இருந்துச்சோ, அப்படியே திருப்பிக் கொண்டாந்துடணும் ஸார்."

"எழுதுகிறேன் தம்பி" என்றேன். எழுதிவிட்டேன். இதுதான் அந்தக் கட்டுரை. மலரில் போடுவாரோ மாட்டாரோ, அது அவர் விருப்பம்.

இந்த மோகம் அவருக்கு இங்கிலாந்தில் பிடித்தது. அங்கே பழைய அமெரிக்கக் கார்களின் மேல் உயிரை வைத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. நினைத்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்தான். இரு பக்கமும் வேலி நெருக்கும் சந்துகள் அந்த நாட்டுக் கிராமப் பாதைகள். அவற்றில் பதினெட்டே முக்கால் அடி நீளமுள்ள 1959-ஆம் வருஷத்துக் காடிலாக்கை ஓட்டுகிறான் ஒருவன். ஸ்டியரிங் இடப்பக்கம், சாலையில் போவதும் இடப்பக்கம். முந்திச் செல்ல வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் மனைவி எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெட்ரோல் தண்ணீராய்ப் போகும். ஆனாலும் ஓட்டுகிறான்.

ஏன் என்று கேட்டால் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1921 முதல் அந்த நாட்டில் காருக்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுன் வரி. அந்தக் குதிரைத்திறனையும் சிலிண்டரின் விட்டத்தை அளந்து கணக்கிட்டார்கள். அகலமான சிலிண்டர் கொண்ட அமெரிக்க வண்டிக்கு வரி கழுத்தை நெரித்தது. போர்டு கம்பெனியின் சாதாரண 'டி' மாடலுக்கே வருஷம் 23 பவுன். அதனால் வெள்ளைக்காரன் பேபி ஆஸ்டினில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு யுத்தம் வந்தது. அமெரிக்க சிப்பாய்கள் வந்தார்கள், சினிமா வந்தது. யுத்தம் முடிந்தும் 1950 வரை பெட்ரோலுக்கு ரேஷன். டாலர் பஞ்சத்தால் அமெரிக்கக் கார் கரை இறங்கவே வழியில்லை. திரையில் மட்டும் பார்த்து ஏங்கிய பொருள் அது. அந்த ஏக்கத்தைத்தான் அப்பனிடமிருந்து மகன் வாங்கிக்கொண்டான்.

இந்த ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். லாரி ஓட்டுகிறவனும் குழாய் ரிப்பேர் செய்கிறவனும்கூட ஞாயிற்றுக்கிழமை தன் செவர்லேயின் அடியில் மல்லாந்து படுத்துக் கையெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொள்கிறான். அவனுடைய தாத்தா அந்தக் காரில் போனவரல்லர். அந்தக் கார் வரும்போது அவன் தெருவில் யாரும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டதில்லை. ஆகவே அவனுக்கு அது வெறும் அழகு. அழகான இரும்பு.

நமக்கு அது அப்படி வந்ததா?

நமக்கு அது எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் தொழிற்சாலை போட்டது. போர்டும் வந்தது. வலப்பக்க ஸ்டியரிங் உள்ள பாகங்கள் கனடாவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இங்கே பூட்டப்பட்டன. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் அனுப்பினால் சுங்கச் சலுகை. பிறகு பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி 1947 முதல் டாட்ஜ், டிசோட்டோ, பிளைமவுத் வண்டிகளைப் பூட்டி வெளியிட்டது. பிளைமவுத் என்பது இங்கிலாந்துத் துறைமுகத்தின் பெயர். 1620-ல் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போன கப்பலைத்தான் காரின் மூக்கில் வைத்தார்கள். ஆங்கிலப் பெயர், அமெரிக்க உடம்பு, பம்பாய்ப் பூட்டு, தஞ்சாவூர் நெல். இந்த நான்கும் சேர்ந்ததுதான் தாத்தாவின் கார்.

நெல் என்று சொன்னேன். ஆறு சிலிண்டர், மூன்றரை லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள எஞ்சின் அது. அது குடித்தது பெட்ரோல் என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பெட்ரோல் எங்கிருந்து வந்தது? களத்துமேட்டில் அளந்து வண்டியேறிய நெல்லிலிருந்து. அந்த நெல்லை விளைவித்தவனுக்கு அளந்து போட்டது எவ்வளவு? பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது என்று சொல்லவே இந்த ஜில்லாவில் 1952-ல் ஓர் அவசரச் சட்டம் வேண்டியிருந்தது. அதாவது தாத்தா கார் வாங்கியது அதற்கு முந்தின வருஷம். முகப்பில் பிளைமவுத், கொல்லையில் நினைத்தால் துரத்தத்தக்க மனிதர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் 'அந்தக் காலம்' என்று பெருமூச்சு விடுவது எனக்குக் கைவரவில்லை.

"காருக்கு என்ன பாவம்? அது இரும்புதானே?" என்று சிலர் கேட்பார்கள். வாஸ்தவம். ஆனால் நாம் அதை இரும்பாக விட்டோமா? நம் ஊரில் கார் என்பது வாகனம் மாத்திரமல்ல, நற்சாட்சிப் பத்திரம்.

மிகையாகச் சொல்கிறேன் என்று எண்ணினால் கேளுங்கள். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, இதே நாகை வட்டாரத்தில், கீழ்வெண்மணியில், கூலி நெல் கூட்டிக் கேட்ட தகராறில் ஒரு குடிசைக்குள் நாற்பத்து நான்கு பேர் வெந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1970-ல் நாகப்பட்டினத்தில் நடந்த விசாரணையில் மிராசுதார்கள் சிலருக்குப் பத்து வருஷத் தண்டனை கிடைத்தது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று இது: குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிலபுலன் மிகுந்த பணக்காரர்கள், அவர்களில் ஒருவர் சொந்தக் கார் உள்ளவர், இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பது நம்புவதற்கு அரிது.

கார் இருக்கிறது, ஆகவே நடந்திருக்கமாட்டார். அது எந்த நாட்டுக் காராக இருந்தால் என்ன? இப்படி ஒரு வேலையைக் கார் செய்திருக்கும் மண்ணில், பழைய காருக்கு மாலை போடுகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டாமா?

இந்தத் தம்பியின் தாத்தா அந்த வழக்கில் சம்பந்தப்பட்டவரல்லர். நல்ல மனிதர் என்றே கேள்வி. நான் அவரைக் குற்றம் சொல்ல வரவில்லை. என் சண்டை, 'திருப்பிக் கொண்டு வரணும்' என்ற அந்த ஒரு சொல்லோடு. ஒரு காருக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது. அதில் முதல் பன்னிரண்டு வருஷம் மாத்திரம் அசல், மற்றதெல்லாம் துரு என்று தீர்மானித்தவர் யார்? எந்த வருஷத்துக்குத் திருப்பப் போகிறீர்கள்?

இப்போது அந்த உடைந்த கப்பலுக்கு வருகிறேன்.

1969-ஆம் வருஷம், கார்த்திகை மாதம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக விடாத மழை. வாய்க்காலும் சாலையும் ஒன்றாகிவிட்டன. நடுராத்திரி என் அக்காவுக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் ஆயிற்று என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். என் அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அவர் சைக்கிளில் போய், ஒரு டாக்சியோடு திரும்பினார். ஓட்டியவர் நாகூர்க்காரர், எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். பின் ஸீட்டில் அக்காவைக் கிடத்தி, அம்மாவும் மருத்துவச்சியும் கீழே குந்திக்கொண்டார்கள். நான் முன்னால் உட்கார்ந்தேன். முன்விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கப்பல் தெரிந்தது, பாய் நுனி உடைந்து. வழியில் ஓரிடத்தில் கதவின் அடிவிளிம்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா, "பாய், நின்னுடுமோ?" என்றார்.

"பெட்ரோல் வண்டியா இருந்தா நின்னுடும் வாத்தியாரே. இது டீசல். பிளக்கும் கெடயாது, நனையறதுக்கு ஒண்ணும் கெடயாது" என்றார் அவர்.

நிற்கவில்லை. அக்கா பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. விடிந்ததும் பாய் வாடகையைக் கறாராக எண்ணி வாங்கிக்கொண்டார். அந்தக் கறார்தான் எனக்கு இன்றைக்கும் பிடித்திருக்கிறது. தயவு இல்லை, தாட்சண்யம் இல்லை. காசு கொடுத்தால் வாத்தியாரும் ஏறலாம், வயலில் நடவு நட்டவளும் ஏறலாம். அவள் தாத்தா தொட்டுத் துடைக்க மாத்திரம் அனுமதிக்கப்பட்ட அதே பின் ஸீட்டில் சாய்ந்து உட்காரலாம். நாகூர் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் ஒரு வண்டியில் பன்னிரண்டு பேர் அடைந்துகொண்டு போன காலம் அது. மிராசுதார் முகப்பில் அந்தக் கார் நின்றபோது அது வீழ்ந்து கிடந்தது. டாக்சி ஆனபோதுதான் எழுந்தது என்பேன்.

அதைச் சாத்தியமாக்கியவர்கள் யார்? 1953-ல் டாரிப் கமிஷன், இங்கே உற்பத்தி செய்யாமல் பூட்டி மாத்திரம் விற்பவர்கள் கடையைக் கட்டலாம் என்ற நிலையை உண்டாக்கியது. மறு வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் மூட்டை கட்டியது. உதிரி பாகம் அருகிப்போயிற்று. அப்போது நாகப்பட்டினத்திலும் திருவாரூரிலும் கும்பகோணத்திலும் பட்டறை மேஸ்திரிகள் கடைசல் இயந்திரத்தில் இரும்பைக் கடைந்து கடைந்து அந்த வண்டிகளை உயிரோடு வைத்திருந்தார்கள். பெட்ரோல் விலை தாங்காதபோது பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். சென்னையில் சிம்ப்சன் கம்பெனி அதைச் செய்து வந்தது. தாங்கிகளை வெட்டி ஒட்டி, கியர் பெட்டியை இணைத்து, வரைபடம் ஒன்றும் இல்லாமல் கண்ணளவில் அவர்கள் செய்த காரியம், டெட்ராய்ட்டில் செய்ததைவிடச் சிறியதல்ல.

அந்த எஞ்சினைத்தான் 'அசல் அல்ல' என்று எடைக்குப் போட்டிருக்கிறார்கள். இதில் இன்னொரு வேடிக்கை: பெர்க்கின்ஸ் பிரிட்டிஷ் கம்பெனி. இங்கிலாந்தில் கற்றுக்கொண்ட ரசனையால், இங்கிலாந்து எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, இங்கிலாந்திலிருந்தே அமெரிக்க எஞ்சின் வரவழைக்கிறார் நம் தம்பி!

அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "தாத்தாவின் டிரைவர் பெயர் என்ன?"

தெரியவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கார்பரேட்டரின் எண் தெரிகிறது. முதலில் அடித்த வர்ணத்தின் பெயர் தெரிகிறது. பன்னிரண்டு வருஷம் காரைக் கழுவித் துடைத்து ஓட்டியவனின் பெயர் தெரியவில்லை. இதற்குப் பெயர் கார் அபிமானம் அல்ல, தாத்தா அபிமானம். வெள்ளைக்காரனிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டோம். அவன் காருக்கு அடியில் படுக்கிறான். நாம் அதற்குப் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம்.

பழைய கார்களை உடைத்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காப்பாற்றுங்கள். தாராளமாக ஊர்வலம் விடுங்கள். ஆனால் பக்கத்தில் ஓர் அட்டை வைத்து முழுக் கதையையும் எழுதுங்கள். எத்தனை வேலி நிலத்து நெல்லில் வாங்கியது, யார் ஓட்டினார், எந்தப் பட்டறையில் யார் உயிர் கொடுத்தார், எத்தனை பிரசவத்துக்கு ஓடியது என்று எழுதுங்கள். அப்படி ஒரு காரை நான் மாலையோடு வந்து பார்க்கிறேன்.

தம்பி, விசாரித்துவிட்டேன். நீங்கள் எடைக்குப் போட்ட டீசல் எஞ்சின் இன்னும் உருக்குப் போகவில்லையாம். நாகப்பட்டினத்துப் பழைய இரும்புக் கடையிலேயே கிடக்கிறது. இங்கிலாந்துப் பெட்டி வந்து சேருவதற்குள் முதலில் போய் அதை வாங்கி வாருங்கள். காசு போதவில்லை என்றால் சொல்லுங்கள். அக்கா பிள்ளைக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. பாதியை அவன் தருவதாகச் சொல்கிறான்.