டிஸ்சார்ஜ் சம்மரியை முதல்ல எழுதிட்டு கதை பண்ணாதீங்க

1/ நைட் டூட்டி முடிஞ்சு தூங்காம இதை எழுதறேன். காரணம், ராத்திரி டீ குடிக்கும்போது ஹவுஸ் சர்ஜன் தம்பி கேட்ட கேள்வி: "அண்ணா, ஸ்பைடர்மேன்ல உங்களுக்குச் சுத்தமா பிடிக்காத கதை எது?" யோசிக்கவே இல்ல. 'ஒன் மோர் டே', 2007. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

2/ சிவகாசி லயன் காமிக்ஸ்ல வந்த கூர்மண்டை ஸ்பைடரைச் சொல்லல. அவர் பிரிட்டிஷ் சரக்கு. இது மார்வெலோட பீட்டர் பார்க்கர். 1962ல ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கின பையன். ஓடுற திருடனைப் பிடிக்காம விட்டான், அதே திருடன் கையால வளர்த்த பென் அங்கிள் செத்தார். செஞ்சதுக்கு விலை உண்டுங்கிறதுதான் இவனோட மொத்தக் கதையும்.

3/ 2006 'சிவில் வார்' கதையில பீட்டர் ஊரறிய முகமூடியைக் கழட்டறான். விளைவு, கிங்பின் ஏவின ஆள் இவனைக் குறிவெச்சு சுட, குண்டு மே ஆன்ட்டி மேல பாயுது. (நம்ம முறைல பெரியம்மா.) கோமா. இதுவரைக்கும் நல்ல கதை. செஞ்சான், விலை வந்துச்சு.

4/ அப்புறம்தான் கூத்து. மெஃபிஸ்டோன்னு சாத்தான் வர்றான். "கிழவியைப் பிழைக்க வைக்கிறேன், பதிலுக்கு உங்க கல்யாணத்தைக் கொடுங்க"ங்கறான். பீட்டரும் மேரி ஜேனும் ஒத்துக்கறாங்க. 1987ல நடந்த கல்யாணம் நடக்கவே இல்லன்னு ஆகுது. முகமூடி ரகசியமும் உலகத்துக்கு மறந்துபோகுது. போனஸா, செத்துப்போன ஹாரி ஆஸ்போர்ன் உயிரோட நிக்கறான்!

5/ டாக்டரா என் முதல் கேள்வி. இது செத்தவங்க திரும்பி வர்ற உலகம். பீட்டரே 2005-06ல 'தி அதர்' கதையில செத்துப் பிழைச்சவன். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்னு மந்திரம் தெரிஞ்ச சர்ஜன் வேற இருக்கார். ஆனா இந்த ஒரு குண்டுக் காயத்துக்கு மட்டும் யார்கிட்டயும் வைத்தியம் இல்லையாம். ஏன்? குணமாயிட்டா சாத்தானுக்குக் கதையில வேலை இல்ல. அவ்ளோதான்.

6/ எங்க பாஷைல சொல்லணும்னா, இது டிஸ்சார்ஜ் சம்மரியை முதல்ல எழுதிட்டு, அதுக்கு ஏத்தமாதிரி கேஸ் ஷீட்டை நிரப்புற வேலை. நோயாளியைப் பார்த்து டயக்னோசிஸ் வரணும். இங்க முடிவு தயார், நோயாளியை அதுக்குள்ள திணிக்கறாங்க.

7/ இது என் கற்பனை இல்ல. அப்போதைய தலைமை ஆசிரியர் ஜோ கெசாடா (படம் வரைஞ்சதும் அவர்தான்) கல்யாணம் ஸ்பைடர்மேனை வயசானவனாக் காட்டுதுன்னு வெளிப்படையாவே சொன்னவர். டைவர்ஸ் பண்ணா இன்னும் வயசாயிடுமாம்! எழுதின ஸ்ட்ராசின்ஸ்கியே முடிவு பிடிக்காம, கடைசி 2 இதழ்லேர்ந்து தன் பேரை எடுத்துடலாமான்னு யோசிச்சதைச் சொல்லியிருக்கார்.

8/ சரி, ப்ளாட் ஓட்டையை மன்னிச்சிடலாம். குணத்தைக் கொன்னதை மன்னிக்க முடியாது. 1995ல வந்த 400வது இதழை எடுத்துப் பாருங்க. மே ஆன்ட்டி கோமாவுலேர்ந்து எழுந்து வந்து கொஞ்ச நாள் நல்லா இருக்கார். "நீதான் ஸ்பைடர்மேன்னு எனக்கு எப்பவோ தெரியும்"னு பீட்டர்கிட்ட சொல்றார். பிறகு வீட்டுல, தன் படுக்கையில, அவன் பக்கத்துல இருக்க நிம்மதியாப் போய்ச் சேர்றார்.

9/ தினம் சாவைப் பார்க்கறவன் சொல்றேன், அதைவிட நல்ல சாவை நான் அதிகம் பார்த்ததில்ல. அழுதுக்கிட்டே அனுப்பி வெச்சான் பாருங்க, அவன்தான் பீட்டர்.

10/ 1998ல அதையும் கெடுத்தாங்க. செத்தது மே இல்ல, நார்மன் ஆஸ்போர்ன் வேஷம்போட்டு அனுப்பின நடிகையாம்! சரி, வெச்சுப்போம். ஆனா அன்னிக்கு பீட்டருக்கு அது அவன் ஆன்ட்டிதானே? அப்ப விடத் தெரிஞ்சவனுக்கு, 12 வருஷம் கழிச்சு எப்படி விடத் தெரியாமப் போச்சு? நடுவுல என்ன மாறிச்சு? கதையில எதுவும் மாறல. ஆபீஸ்ல மாறிச்சு.

11/ இது எனக்கு வெறும் காமிக்ஸ் சண்டை இல்ல. ஐசியு வாசல்ல வாரம் ஒருத்தராவது என் கையைப் பிடிச்சுக்கறாங்க. "எப்படியாவது காப்பாத்துங்க சார், நிலத்தை வித்தாவது கட்டறோம்." 80 வயசு அம்மா, எல்லா உறுப்பும் ஓய்ஞ்சாச்சு. "இனிமே நாம பண்றது எல்லாம் அவங்களுக்கு வலிதான்யா"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள என் தொண்டை அடைச்சிடும்.

12/ அந்தப் பையன்கிட்ட மெஃபிஸ்டோ வந்து கேட்டா அவனும் கையெழுத்து போடுவான். எனக்கு அது புரியுது. அதனாலதான் கோபம். அந்தத் தவிப்பை நேர்மையா எழுதியிருந்தா மகத்தான கதை. "அந்தம்மா இதை விரும்புவாங்களா?"ங்கிற கேள்விதான் கதையோட உயிரா இருந்திருக்கணும். அதை வெறும் சாக்கா வெச்சு ஒரு கல்யாணத்தை அழிச்சுட்டுப் போயிட்டாங்க.

13/ "சிலந்தி கடிச்சு சுவர் ஏறறவன் கதையில லாஜிக்கா டாக்டர்?"ம்பீங்க. சுவர் ஏறட்டும் சார், வானத்துல பறக்கட்டும். அந்தப் பொய்க்கு நான் முதல் பக்கத்துலயே சம்மதிச்சுட்டேன். அவன் மனசு அவன் மனசா இருக்கணும். அதுக்கு மட்டும் நான் தள்ளுபடி தரல.

14/ "பல பேர் எழுதறது, முன்னபின்ன இருக்கத்தான் செய்யும்"னா, பார்பரா கார்டனைப் பாருங்க. 1988 'தி கில்லிங் ஜோக்'ல ஜோக்கர் சுட்டு, கால் செயலிழந்து போச்சு. அப்பாவை வதைக்க அவளை ஒரு கருவியா மட்டும் வெச்ச கதை. ஆனா அடுத்த வருஷமே கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் அந்தக் காயத்தை அழிக்காம, அவளை வீல்சேர்ல உட்கார்ந்தே ஊரைக் காக்கற 'ஆரக்கிள்' ஆக்கினாங்க. வேற கைதான் எழுதிச்சு. ஆனாலும் அவ அவளாவே இருந்தா.

15/ அதே ஊர்ல 1993ல பேட்மேனுக்கு முதுகெலும்பு உடையுது. கொஞ்ச நாள்ல அதிசய சக்தியால குணம்! பார்பரா மட்டும் வீல்சேர்லயே. 2011ல அவளையும் நடக்க வெச்சு ஆரக்கிளை மூட்டை கட்டினாங்க. என் ஓபிக்கு வர்ற பாராப்ளீஜியா நோயாளிகள் யாருக்கும் ரீபூட் கிடையாது. அவங்களுக்கு ஆரக்கிள்தான் துணை.

16/ முடிக்கறேன். சாவை, காயத்தை, கல்யாணத்தை எழுதுங்க. எழுதினா அதோட குடியிருங்க. நாங்க கேஸ் ஷீட்ல தப்பா எழுதினதை ஒயிட்னர் போட்டு அழிக்க முடியாது. ஒரே கோடு அடிச்சு, பக்கத்துல சரியானதை எழுதி கையெழுத்து போடணும். பழசு கீழ தெரியணும். கதைக்காரங்களுக்கும் அந்த ரூல் வந்தா நல்லாருக்கும். இப்ப தூங்கப் போறேன், திட்டறவங்க சாயங்காலம் வாங்க.