அனுமதி பெற்று வருவதோ திருநாள்?

திருவருகைக் காலம் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்பு. நவம்பர் இறுதியிலோ டிசெம்பர் தொடக்கத்திலோ வரும் முதல் ஞாயிறன்று கோயில்களில் ஊதா நிறம் புலப்படும். வாரத்துக்கு ஒன்றாக மெழுகுதிரி ஏற்றப்படும். நான்காவது திரி எரிந்தபின் நத்தார் பிறக்கும். கத்தோலிக்கர் இதனைத் திருவருகைக் காலம் என்பர். சீர்திருத்தச் சபையாருள் ஆகமன காலம் என்பாரும் உளர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. வரவேண்டியவர் வருவார் என்று நம்பி, வீட்டையும் உள்ளத்தையும் ஒழுங்குசெய்து வைத்திருக்கும் காலம் இது.

நாம் இங்கே சமயப் பிரசங்கம் செய்ய முற்படவில்லை. எமது வாசகரிற் பெரும்பாலோர் சைவர். எனினும், இந்நாட்டில் ஒரு சபையார் தமது திருநாளை எவ்விடத்தில், எவர் தயவில் கொண்டாட நேர்ந்தது என்பது சமயக் கேள்வி மட்டுமன்று. அது உரிமைக் கேள்வி, காணிக் கேள்வி. ஆதலின் அது நம் எல்லோருடைய கேள்வியுமாகும்.

வடபுலத்துப் பங்கு ஒன்றில் இக்காலம் எவ்வாறு கழியும் என்பதை அறியாதார் நம்மிடையே சிலரே. கோயில் வளவு செருக்கித் துப்புரவாக்கப்படும். சுவருக்கு வெள்ளை பூசப்படும். இளைஞர் தடியும் கிடுகும் வைக்கோலும் தேடிப் பாலன் குடில் கட்டுவர். மழைக்குக் குடையும் இருளுக்கு விளக்குமாகப் பாடகர் குழு ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று வீடுதோறும் கரோல் பாடும். பாடசாலைகளில் ஒளிவிழா நடைபெறும். அங்கே திருநீறணிந்த பிள்ளையும் வானதூதர் வேடத்தில் நிற்பதை எவரும் புதுமையாகக் கொள்வதில்லை. பெண்கள் கூடியிருந்து பயத்தம்பணியாரமும் முறுக்கும் சுடுவர். நத்தார் காலையில் அயலிலுள்ள சைவ வீட்டுக்குப் பலகாரத் தட்டம் போகும். தைப்பொங்கலன்று அத்தட்டம் பொங்கலோடும் வாழைப்பழத்தோடும் திரும்பி வரும். மன்னார்க் கரையிலோ கூத்தும் வாசாப்பும் ஊர் கூடி ஆடிய மரபும் உண்டு.

இவற்றுள் ஒன்றேனும் தனி ஒருவனால் ஆகக்கூடியதா? குடில் கட்டப் பலர் கை வேண்டும். பாட்டுக்குப் பல குரல் வேண்டும். தட்டம் போவதற்கு அயல் வேண்டும். பூசை ஒன்று மட்டுமே திருநாளாயின் எங்கேனும் ஒரு கூரையின்கீழ் அதனை முடித்துவிடலாம். திருநாள் என்பது ஊர்.

வேளாண் மக்களாகிய எமது வாசகர் இன்னொன்றையும் உணர்வர். நத்தார் வருவது விவசாயியின் கை நிறைந்த காலத்திலன்று. ஐப்பசி மழையோடு விதைத்த காலபோக நெல் மார்கழியில் பச்சையாக நிற்கும். போட்ட முதல் முழுவதும் வயலுக்குள் கிடக்கும். அறுவடைக்குத் தையும் மாசியும் வரவேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது வடக்கு, கிழக்குக் கரைகளிற் பல நாட்களுக்குக் கடற்றொழிலாளரின் வள்ளமும் கடலில் இறங்குவதில்லை. 2025 ஆம் ஆண்டிலோ, டித்வாப் புயலும் வெள்ளமும் நாடெங்கும் உயிர்களையும் வயல்களையும் கொண்டுபோய் இரண்டொரு நாளிலேயே, நவம்பர் 30 ஆந் திகதி, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு பிறந்தது. இவ்வாறு இல்லாமையின் நடுவில் வரும் திருநாளை இத்தனை தலைமுறையாக நடத்தி வந்தது எது? இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுத்தான். இன்று வாங்கியவன் நாளை கொடுத்தான். கடன் கொடுத்தவன் அறுவடைவரை பொறுத்தான். சபை என்பது இந்தப் பொறுப்பின் பெயரேயன்றிக் கட்டடத்தின் பெயரன்று.

அத்தகைய சபை ஒன்றை அதன் ஊரிலிருந்து பிரித்தால் என்ன நேரும்? மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரதேசத்தில் உள்ள முள்ளிக்குளம் இதற்கு விடை கூறும். வயலும் குளமும் கடலும் ஒருங்கே வாய்த்த கத்தோலிக்க ஊர் அது. 2007 ஆம் ஆண்டு செப்ரெம்பரில், சில நாட்களில் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு அம்மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். யுத்தம் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. ஆனால் ஊர் திரும்பவில்லை. அங்கே கடற்படைத் தளம் எழுந்தது. மக்கள் 2012 ஆம் ஆண்டில் அருகேயுள்ள மலங்காட்டில் கொட்டில் போட்டு, தம் ஊரைப் பார்த்தவாறு இருந்தனர். தளத்தின் எல்லைக்குள் அகப்பட்ட தமது கோயிலுக்கு வந்து, வழிபட்டு, மீண்டும் வெளியேற அவர்களுக்கு இடமளிக்கப்பட்டது.

கோயிலுக்குப் போக விட்டார்களே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்பார் உளர். நாம் அவர்களுக்குக் கூறுவது இது: பாலனுக்குக் குடில் கட்டிவிட்டு, தம் குடிலுக்குத் திரும்ப முடியாத மக்கள் அவர்கள். கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு இருந்தும், அந்த வீட்டில் விளக்கேற்ற முடியாதவர்கள். கரோல் குழு எந்த வீட்டு வாயிலில் நின்று பாடும்? பலகாரத் தட்டம் எந்தப் படலையைத் திறந்து போகும்?

2017 ஆம் ஆண்டு மார்ச் 23 ஆந் திகதி அம்மக்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். ஒரு மாதத்துக்கு மேல் அமர்ந்திருந்தபின், ஏப்பிரல் இறுதியில், நூறு ஏக்கர் நிலம் விடுவிக்கப்படும் என அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்த பின்னும் காத்திருப்பு முடியவில்லை. தாளில் எழுதிய ஏக்கருக்கும் காலில் மிதித்த மண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தை அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் அளந்தனர்.

இரணைதீவு மக்களின் கதையும் இத்தகையதே. 1992 ஆம் ஆண்டில் தீவை விட்டு வந்து, பெருநிலத்தில் முழங்காவில் பகுதியிலே குடியிருந்தனர். தீவில் அவர்களது கோயிலும் தென்னையும் வீடும் இருந்தன, கடற்படையும் இருந்தது. 2017 ஆம் ஆண்டு மே முதலாந் திகதி போராட்டம் தொடங்கி ஓராண்டு நிறையும் தறுவாயில், 2018 ஆம் ஆண்டு ஏப்பிரல் 23 ஆந் திகதி, வள்ளங்களில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தாமே தீவில் இறங்கினர்; கோயில் வளவிலே தங்கினர். அடுத்த மாதம் அரசாங்கம் இணங்கியது. கால் நூற்றாண்டாக நத்தார்களைப் பிறர் மண்ணில் கழித்த சபையார், எவரையும் தாக்காமல், எதையும் உடைக்காமல், தம் கோயில் வாசலில் போய் அமர்ந்தனர். அவ்வளவுதான். அந்த அமர்வுக்கு இருந்த வலிமை எத்தனை மனுக்களுக்கும் கடிதங்களுக்கும் இருந்ததில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனைச் சுதந்திரத்தையும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் எல்லா ஆட்களுக்கும் உறுதி செய்கின்றது. 14(1) ஆம் உறுப்புரை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. தனியாக மட்டுமன்றிப் பிறரோடு சேர்ந்தும், அந்தரங்கத்தில் மட்டுமன்றிப் பகிரங்கமாகவும் தன் மதத்தை வழிபாட்டாலும் அனுட்டானத்தாலும் வெளிப்படுத்தும் சுதந்திரத்தை அது ஒவ்வொரு குடிமகனுக்கும் தருகின்றது. விரும்பிய தொழிலைச் செய்வதற்கும், இலங்கையினுள் விரும்பிய இடத்தில் வதிவதற்குமான சுதந்திரங்களும் அதே உறுப்புரையில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. இந்த அயல்மை தற்செயலானதன்று என்பதே எமது கருத்து. பிறரோடு சேர்ந்து வழிபட வேண்டுமாயின் அந்தப் பிறர் அருகில் வாழவேண்டும். அருகில் வாழ வேண்டுமாயின் அங்கே உழவும் வலை வீசவும் முடியவேண்டும். வதிவிட உரிமையைப் பிடுங்கிக்கொண்டு வழிபாட்டுக்கு மட்டும் வழிவிடுவது, வேரை வெட்டிவிட்டு இலைக்கு நீர் தெளிப்பதாகும்.

தேசியப் பாதுகாப்பின்பொருட்டு இவ்வுரிமைகளுக்கு வரையறை இடலாம் என்பது உண்மையே. ஆனால் அந்த வரையறை சட்டத்தால் விதிக்கப்பட வேண்டும் என 15 ஆம் உறுப்புரை கூறுகின்றது. அதிகாரி ஒருவரின் வாய்மொழி சட்டமாகாது. வேலிக் கம்பியும் சட்டமாகாது. அவசரகால நிலை 2011 ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் முடிவுற்றது. பொதுத் தேவைக்காகக் குடிமகனின் காணி வேண்டுமெனில், அறிவித்தல், ஆட்சேபம், நட்டஈடு என்னும் படிமுறைகளைக் காணி எடுத்தற் சட்டம் 1950 ஆம் ஆண்டிலேயே வகுத்து வைத்துள்ளது. அப்படிமுறைகளைக் கடைப்பிடியாது ஒரு காணியைப் பிடித்துவைத்திருப்பவர், தாம் எந்தச் சட்டத்தின்கீழ் நிற்கின்றார் என்பதை முதலிற் கூறவேண்டும். அனுமதி வேறு, உரிமை வேறு. அனுமதியை அளித்தவர் நாளை மீளப்பெறலாம். உரிமையை அவ்வாறு பெறமுடியாது. திருநாளை அனுமதியாக மாற்றிய அன்றே அரசு குடிமகனை விருந்தாளியாக்கிவிட்டது. அதுவும் அவனது சொந்த வீட்டில்!

இந்தக் காலத்தின் நினைவுகள் நம் மக்களுக்கு இலேசானவையல்ல. 1984 ஆம் ஆண்டு டிசெம்பர் 13 ஆந் திகதி மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் மன்னார்ப் பகுதியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 2004 ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் கரையேறிற்று. 2005 ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்தினுள்ளே பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். இத்தனைக்கும் பின்னர் மறு ஆண்டு டிசெம்பரில் மக்கள் மீண்டும் குடில் கட்டினர். அதனை வெறும் வழக்கம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் பிறரை நோக்கிக் கேள்வி கேட்போர் தம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாட்டுத் தொழுவத்திற் பிறந்தவரைக் கொண்டாடும் கோயிலில், எந்தக் குடும்பத்தார் முன்வரிசை, எந்தக் குடும்பத்தார் பின்வரிசை என்ற கணக்கு முற்றாக ஒழிந்துவிட்டதா? சாதியின் பெயராற் பிளவுபட்ட பங்குகளும் திருவிழாக்களும் நம் கண்முன் இல்லையா? வெளிநாட்டுப் பணத்தில் கோபுரம் உயர்கின்றது. வண்ண விளக்கு மின்னுகின்றது. அதே பங்கின் விதவை விதைநெல்லுக்குத் தோட்டை அடகு வைக்கின்றாள். உரிமை கோரும் சபை முதலில் தன்னுள் சபையாக இருத்தல் வேண்டும்.

இன்னுமொன்று. முசலி மண் முஸ்லிம் மக்களின் மண்ணுமாகும். 1990 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியது அநீதி என்று நாம் ஒளிவுமறைவின்றிக் கூறுகிறோம். ஊர் திரும்பும் உரிமை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாயின் அது உரிமையன்று, சலுகை. கோயில் மணிக்காக நாம் சொல்லும் நியாயம் பள்ளிவாசல் பாங்குக்கும் பொருந்தும்.

ஆகவே நாம் கோருவன இவை. எங்கெல்லாம் மக்களின் குடியிருப்பும் வயலும் வழிபாட்டிடமும் படையினர் வசம் இன்னும் உண்டோ, அங்கெல்லாம் எந்தத் துண்டு, எந்தச் சட்டத்தின்கீழ், எந்நாள்வரை என்பதை அரசாங்கம் எழுத்தில் வெளியிட வேண்டும். எழுத்தில் கூற இயலாத காணியை உடையவனிடம் ஒப்படைக்க வேண்டும். சட்டத்தரணிகளாகிய எமது தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நீதிமன்ற விடுமுறை வாரத்தில் ஓரிரு நாளை ஒதுக்கி, இம்மக்களிடம் எஞ்சியுள்ள உறுதிகளையும் உத்தரவுப் பத்திரங்களையும் நில அளவைப் படங்களையும் ஒழுங்குபடுத்திக் கொடுங்கள். இடம்பெயர்ந்த குடும்பத்தில் முதலில் தொலைவது தாள். தாள் தொலைந்தால் வழக்கும் தொலையும். விவசாயிகளுக்கு: வெள்ளத்தில் விதை இழந்த அயலான் எச்சமயத்தவனாயினும் உங்கள் கோற்றையைத் திறவுங்கள். பங்குகளுக்கு: இவ்வாண்டு ஒரு தோரணத்தைக் குறைத்து, வீடு திரும்பாத ஒரு குடும்பத்தின் கூரைக்குக் கிடுகு வாங்குங்கள்.

திருவருகைக் காலத்தின் காத்திருப்புக்கு முடிவு உண்டு. நான்காவது திரி எரிந்ததும் விடிந்துவிடும் என்பது சபையாருக்குத் தெரியும். காணிக்காகக் காத்திருப்பவனுக்கோ எத்தனையாவது திரியில் நிற்கின்றான் என்பதை எவரும் சொல்வதில்லை. அதனைச் சொல்லவைப்பது நம் கடன். வேலிக்கு இப்பால் நின்று கோயிலைப் பார்த்த மக்கள், தம் வீட்டு வாயிலில் நின்று கரோல் குழுவை வரவேற்கும் நத்தாரே இந்நாட்டுக்கு நத்தாராகும். அந்நாள் வரும்வரை நமக்கு ஓய்வில்லை.