கண்ணுக்கும் பயிற்சி வேண்டும்

வண்ணத்தின் இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்தால் மட்டும் மாணவனுக்கு வடிவமைப்பு ஞானம் உண்டாகாது. அது ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும். யேல் பல்கலைக்கழகத்தில் போதித்த ஜோசப் ஆல்பர்ஸ், 1963-ல் வெளியான தமது வர்ண நூலில் சித்தாந்தத்துக்கு முன்பாக அனுபவத்தை வைத்தார். ஒரே சாம்பல் நிறக் காகிதம் கருமையின்மீது வெளிறியும் வெண்மையின்மீது இருண்டும் தோன்றும் விந்தையை மாணவன் தன் கையாலேயே செய்து காண்பதுதான் அவ்வழியின் சாரம். அந்நூல் 2013-ல் ஐபேட் செயலியாகி, விரலால் வண்ணங்களை நகர்த்திப் பழக இடமளித்தது. எழுத்துகளின் இடைவெளியைச் சரிசெய்யச் சொல்லி, வல்லுநரின் தீர்வோடு ஒப்பிட்டு மதிப்பெண் வழங்கும் இணைய விளையாட்டும் உண்டு. பிழையை அக்கணமே கண்ணுக்குப் புலப்படுத்தும் இத்தகைய விளையாட்டுகளை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்காமல், வடிவமைப்பு வகுப்பில் பாடமாகவே ஏற்பது ஆசிரியர்களின் கடமையாகும்.