பக்கத்து வீட்டுக்கு வைஃபை பாஸ்வேர்டு: கொடுக்கலாமா, வேண்டாமா?

சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் லைன் வீடுகளில் ஒரே சுவர்தான். ஒரு வீட்டு வைஃபை நாலு வீட்டுக்கு எட்டும். "பாஸ்வேர்டு சொல்லுங்கக்கா" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டால் மறுக்க மனசு வராது. நெட் கொஞ்சம் ஸ்லோ ஆகும், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு டிவி சேனல்களுக்கு மிரட்டல் இமெயில் வந்தது. ஐபி முகவரியைப் பிடித்துப் போன போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் ஃபிளாட்டில் போய் நின்றது. அவருடைய திறந்து கிடந்த வைஃபையில் யாரோ நுழைந்திருந்தார்கள். அவர் குற்றவாளி இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் பறிமுதல், விசாரணை எல்லாம் அவருக்குத்தான்.

காரணம் சிம்பிள். வீட்டில் எத்தனை போன் இணைந்தாலும் வெளியே தெரிவது ஒரே ஐபி முகவரி. அது கனெக்‌ஷன் வாங்கியவரின் கணக்கைத்தான் காட்டும்.

என்ன செய்யணும்?

• ரவுட்டர் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை பிரவுசரில் அடித்து, கனெக்‌ஷன் கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

• செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுங்கள். பழைய டபிள்யூஇபி 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.

• பாஸ்வேர்டில் போன் நம்பரோ, குழந்தை பெயரோ வேண்டாம்.

• 'கெஸ்ட் நெட்வொர்க்' உங்கள் லேப்டாப், கேமராவைக் காக்கும். ஆனால் ஐபி முகவரி அப்போதும் உங்களுடையதே.

ஆன்லைன் விண்ணப்பம் போட அவசரமா? அந்தப் பையனை வீட்டுக்கே கூப்பிட்டு உட்காரவையுங்கள். வேலை முடியட்டும். பாஸ்வேர்டு மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.