குற்றவியல் பட்டம்: போலீஸ் வேலைக்கு டிக்கெட் அல்ல

2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 176-வது பிரிவு முக்கியமானது. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்துக்குத் தடய அறிவியல் நிபுணர் நேரில் சென்று சான்று சேகரிக்க வேண்டும் என்கிறது அது. இதை நடைமுறைப்படுத்த மாநில சர்க்கார்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது. இனி நிபுணர்கள் ஏராளமாகத் தேவை என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆனால் தடய அறிவியலையும் குற்றவியலையும் ஒன்றென்று எண்ணி மகனையோ மகளையோ சேர்த்துவிடும் பெற்றோர் உண்டு. பெயரில் உள்ள உறவு வேலையில் இல்லை. இரத்தக்கறை, விஷம், கைரேகை, துப்பாக்கிக் குண்டு ஆகியவற்றை ஆராய்வது தடய அறிவியல். 1849-ல் சென்னையில் விஷப் பரிசோதனைக்காக ஏற்பட்ட ரசாயனக் கூடத்திலிருந்து மும்பை கலீனாவில் உள்ள இன்றைய ஆய்வுக்கூடம் வரை, அங்கே நுழைய விஞ்ஞானப் படிப்பு வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் எடுத்த பிள்ளைக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியதே.

குற்றவியலோ மனிதனைப் பற்றியது. ஒருவன் ஏன் திருடுகிறான், சிறை அவனைத் திருத்துகிறதா கெடுக்கிறதா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன நியாயம் கிடைக்கிறது என்று மனோதத்துவம், சமூகவியல், சட்டம் மூன்றையும் கலந்து படிப்பது. மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகம் 1959-லேயே இதற்குத் தனித்துறை தொடங்கியது. தார்வாடிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் துறைகள் உள்ளன. காந்திநகரில் இருந்த குஜராத் மாநிலப் பல்கலைக்கழகத்தை 2020-ல் பார்லிமெண்ட் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகமாக உயர்த்தியது; அங்கே இரண்டு படிப்புகளும் உண்டு.

படித்து முடித்தால் இன்ஸ்பெக்டர் ஆகலாம் என்பது அடுத்த மயக்கம். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கோ ஐ.பி.எஸ்.ஸுக்கோ ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். சிவில் சர்வீஸ் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் குற்றவியலே கிடையாது! கல்லூரி ஆசிரியராக விரும்புவோருக்கு 'நெட்' தேர்வில் அது தனிப்பாடமாக உள்ளது என்பது ஒரு ஆறுதல்.

இந்தப் படிப்புக்கு உண்மையில் வேலை இருக்கும் இடம் சிறைச்சாலை. 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள். முன்பு தண்டனை பெற்றிராதவர், உரிய அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால், அவரை விடுவிக்கச் சிறை அதிகாரியே கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 479-வது பிரிவு. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் பல வழக்குகளில் சிக்கியவர்களுக்கும் இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்று கணக்குப் பார்ப்பதும், ஊரில் உள்ள குடும்பத்தைத் தேடிப்பிடிப்பதும், ஜாமீனுக்கு ஆள் ஏற்பாடு செய்வதும் யார்? டாடா சமூக விஞ்ஞான நிறுவனம் 1990-ல் மும்பையில் தொடங்கிய 'பிரயாஸ்' திட்டத்தின் சமூகப் பணியாளர்கள் இத்தகைய வேலையைத்தான் செய்து வந்திருக்கிறார்கள். சர்க்கார் செய்ய வேண்டிய காரியம் இது.

1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டமும் இதே கதைதான். 21 வயதுக்கு உட்பட்ட குற்றவாளியைச் சிறைக்கு அனுப்புமுன் பெரும்பாலான வழக்குகளில் கோர்ட் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைக் கேட்க வேண்டும். பல இடங்களில் வேறு இலாகா அதிகாரியே இதையும் சேர்த்துக் கவனிக்கிறார். சிறார் பாதுகாப்புப் பிரிவுகளிலோ ஒப்பந்த நியமனம், தொகுப்பூதியம். தடய நிபுணர் கட்டாயம் என்று எழுதிய கை, நன்னடத்தை அதிகாரிக்கு நிரந்தரப் பதவி எழுதவில்லை.

இந்த நிலையில் சேர்கிறவர்கள், கல்லூரி விளம்பரத்தில் உள்ள பூதக்கண்ணாடிப் படத்தைப் பார்க்காமல், கடந்த மூன்றாண்டுகளில் அங்கே படித்தவர்கள் எந்த வேலையில், எந்தச் சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டலாம்.